தாயின் உணவும் சேயின் பிற்கால நலமும்



ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் பயின்ற காலத்தில், முதல் நாள் வகுப்பிலேயே எங்கள் விரிவுரையாளர் அம்மையார், "குழந்தையின் கல்வி எப்பொழுது தொடங்குகிறது?" என்று வினவினார். ஐந்து வயதில் என்றனர் சிலர். தாய்மடியில் என்றனர் சிலர். "நீங்கள் நினைப்பதற்கு முன்பே" என்று கூறிப் புன்னகை செய்தார் அவர். கற்பித்தலை விட்டு ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின், அதே வினாவைச் சற்று மாற்றி, "மனிதனின் நோய் எப்பொழுது தொடங்குகிறது?" என்று என்னையே நான் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

என் மூத்த மகனுக்கு நாற்பத்தொன்றாம் வயதில் நீரிழிவு நோய் இருப்பது தெரிய வந்தது. அவன் பருத்த உடலினன் அல்லன், மெலிந்தவன். புகையும் மதுவும் அறியாதவன். மரக்கறி உணவும் இரவு உண்ணாமையும் வழுவாமல் காப்பவன். "எனக்கு ஏன் அம்மா இது வந்தது?" என்று அவன் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. ஆயினும் ஒரு நினைவு நெஞ்சில் எழுந்தது. அவன் பிறந்தபோது அவனது எடை இரண்டேகால் கிலோ மட்டுமே. அவனைக் கருவுற்றிருந்த காலத்தில், நாள்தோறும் பள்ளிக்கு நெடுந்தொலைவு நடந்து சென்று வந்தேன். வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்டேன். பால் எனக்கு எஞ்சுவது அரிது. பருவ நாட்களில் உபவாசமும் இருந்தேன். அன்று அவ்வாறு இருப்பதே நல்ல மருமகளுக்கு இலக்கணம் எனக் கருதப்பட்டது.

அதன்பின் இப்பொருள் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். படித்தவற்றை ஒரு பாடமாக அமைத்து ஈண்டு தருகின்றேன். மணமாகவிருக்கும் பெண்களும் அவர்களுடைய பெற்றோரும் மாமியாரும் கணவன்மாரும் இதனைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

1. மரபணு என்னும் மூல ஏடு

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருகிறது. அவற்றில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் அமைந்துள்ளன. உடலை எவ்வாறு கட்டுவது, எவ்வாறு இயக்குவது என்னும் கட்டளைகள் எழுதப்பட்ட மூல ஏடு இதுவே எனலாம்.

நீரிழிவு குடும்பத்தில் தொடர்ந்து வருவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். ஆதலின் அறிஞர்கள் முதலில் மரபணுவையே ஆராய்ந்தனர். 1962ஆம் ஆண்டு ஜேம்ஸ் நீல் என்னும் அமெரிக்க அறிஞர் 'சிக்கன மரபணு' என்னும் கருத்தை வெளியிட்டார். பஞ்சம் அடிக்கடி வந்த பழங்காலத்தில், கிடைத்த உணவைக் கொழுப்பாகச் சேமிக்க உதவிய மரபணுக்கள், உணவு மலிந்த இக்காலத்தில் நோய்க்குக் காரணமாகின்றன என்பது அவர் கருத்து. 2006ஆம் ஆண்டு ஐஸ்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் டிசிஎஃப்7எல்2 என்னும் மரபணுவின் ஒரு வேறுபாடு நீரிழிவுக்கான வாய்ப்பைக் கூட்டுவதைக் கண்டறிந்தனர். அதன்பின் இத்தகைய இடங்கள் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை தனித்தனியே மிகச் சிறிய அளவிலேயே செயற்படுகின்றன. ஆகவே மரபணு ஒன்றே விடை ஆகாது என்பது தெளிவாயிற்று.

2. ஒரு செவிலியரின் பதிவேடு

இங்கிலாந்தில் ஹெர்ட்போர்டுஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கு 1911 முதல் எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் அம்மையாரின் மேற்பார்வையில் ஒரு நல்ல வழக்கம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவச்சியர் குழந்தையின் பிறப்பு எடையைக் குறித்தனர். செவிலியர் வீடுதோறும் சென்று, தாய்ப்பால் உண்டதா, புட்டிப்பால் உண்டதா, ஓராண்டு நிறைவில் எடை யாது என்பனவற்றையும் எழுதி வைத்தனர். பல்லாண்டுகளுக்குப் பின் டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவப் பேராசிரியர் அப்பதிவேடுகளைத் தேடிக் கண்டெடுத்தார். வருகைப் பதிவேட்டை நாள் தவறாமல் எழுதிப் பழகிய என் போன்றோர்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும். எழுதிய கைகள் மறைந்தன. எழுத்துப் பயன் தந்தது.

பார்க்கரும் நிக்கோலஸ் ஹேல்ஸ் என்பவரும் சேர்ந்து, அப்பதிவேட்டில் இடம்பெற்ற 64 வயது ஆடவர் 370 பேரை ஆராய்ந்து 1991இல் முடிவை வெளியிட்டனர். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் இருந்தவர்களில் 100க்கு 40 பேருக்கு நீரிழிவோ, அதற்கு முந்தைய நிலையோ இருந்தது. நான்கேகால் கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் அது 100க்கு 14 பேர் மட்டுமே. இதயநோயால் இறந்தவர்களிலும் இத்தகைய தொடர்பு முன்னரே காணப்பட்டிருந்தது.

இதற்குக் காரணம் யாது? கருவிலுள்ள சிசுவுக்கு ஊட்டம் குறையும்போது, சிசுவின் உடல் மூளைக்கு முதலிடம் தருகிறது. தசை, கணையம், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும் பங்கு குறைகிறது. இன்சுலின் சுரக்கும் கணைய அணுக்கள் குறைவாக அமைகின்றன. சிறுநீரகத்தில் உள்ள வடிகட்டிகள் ஏறத்தாழ 36ஆம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடுகின்றன; பிறந்தபின் புதியவை தோன்றா. குறைந்த எண்ணிக்கையோடு பிறந்தவருக்குப் பின்னாளில் இரத்த அழுத்தம் மிகும் வாய்ப்பு உண்டு. தாயிடமிருந்து வரும் ஊட்டத்தைக் கொண்டு, 'வெளியே பஞ்சம்' என்று சிசு முடிவு செய்து, சிக்கனமான உடலைக் கட்டிக்கொள்கிறது. பிறந்தபின் உணவு மலிந்திருக்குமாயின், அச்சிக்கன உடல் அதனைத் தாங்க இயலாமல் நோயுறுகிறது. பார்க்கரும் ஹேல்சும் 1992இல் கூறிய விளக்கம் இதுவே.

3. நெதர்லாந்தின் பசிக் குளிர்காலம்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944 செப்டம்பரில், நெதர்லாந்து நாட்டு இரயில் தொழிலாளர் ஜெர்மானியப் படைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குத் தண்டனையாக, நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வது தடுக்கப்பட்டது. கடுங்குளிரால் கால்வாய்களும் உறைந்தன. ஒருவருக்கு ஒரு நாளைக்குரிய பங்கீடு 400 முதல் 800 கலோரி அளவுக்குத் தாழ்ந்தது. 1945 மே மாதத்தில் விடுதலை கிடைக்கும் வரை இத்துன்பம் நீடித்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

அப்பஞ்சத்தின் தொடக்கமும் முடிவும் திட்டமாகத் தெரியும். தாய்மாரின் மருத்துவமனைக் குறிப்புகளும் காக்கப்பட்டிருந்தன. ஆதலின் அக்காலத்தில் கருவில் இருந்தவர்களைப் பிற்காலத்தில் ஆராய இயன்றது. ஐம்பது வயதளவில், பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களுக்குச் சர்க்கரையைத் தாங்கும் ஆற்றல் குறைந்திருந்தது. இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கருவுற்ற தொடக்க மாதங்களில் மட்டும் பஞ்சத்துக்கு உட்பட்ட தாய்மாரின் குழந்தைகள் இயல்பான எடையோடு பிறந்தனர். இருந்தும் பின்னாளில் அவர்களிடையே இதயநோய் மிகுதியாகக் காணப்பட்டது. எனவே பிறப்பு எடை மட்டுமே முழு அளவுகோல் ஆகாது.

2008இல் வெளியான ஓர் ஆய்வு இதன் உட்பொருளைக் காட்டியது. கருவுறும் காலத்தில் பஞ்சத்துக்கு உட்பட்டோரின் ஐஜிஎஃப்2 என்னும் வளர்ச்சி மரபணுவின்மேல் மெத்தில் என்னும் வேதிக்குறிகள், அவர்களுடைய உடன்பிறப்புகளை விடக் குறைந்து காணப்பட்டன. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அவ்வேறுபாடு மறையவில்லை. பாடநூலில் "இதைப் படிக்க, இதை விடுக" என்று ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் குறியிடுவதில்லையா? நூல் மாறுவதில்லை, படிக்கும் முறை மாறுகிறது. மெத்தில் குறியும் அத்தகையதே. மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் செயல் மாறுகிறது. இக்குறிகளை இடுவதற்குப் போலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் தேவை என்பதை நினைவிற் கொள்க.

4. மரபணுவா, கருவறையா?

"எடை குறைவதற்கே மரபணு காரணமாக இருக்கலாகாதா?" என்று நல்ல மாணாக்கர் வினவுவர். தக்க வினாவே. 1998இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லியும் அவர் குழுவினரும் குளுக்கோகைனேஸ் என்னும் மரபணுவில் குறை உள்ள குடும்பங்களை ஆராய்ந்தனர். அக்குறை சிசுவுக்கு மட்டும் இருந்தால், அதன் எடை ஏறத்தாழ அரைக் கிலோ குறைந்தது. ஏனெனில் கருவில் இன்சுலினே வளர்ச்சியைத் தூண்டுவது. அக்குறை தாய்க்கு மட்டும் இருந்தால், தாயின் சர்க்கரை மிகுந்து, சிசுவின் எடை ஏறத்தாழ அதே அளவு கூடியது. இருவருக்கும் இருந்தால் ஒன்றையொன்று ஈடு செய்தன. ஆகவே மரபணுவும் ஒரு காரணமே.

இனி மறுபக்கம் காண்போம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடியினரிடையே நீரிழிவு மிகுதி. அங்கு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டு முடிவு வெளியிடப்பட்டது. தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்தவர்களை விட, வந்த பின் பிறந்தவர்களுக்கே நீரிழிவும் பருமனும் மிகுதியாக இருந்தன. பெற்றோர் ஒருவரே, கருவறையின் நிலை மட்டுமே வேறு. எனவே மரபணு, கருவறை ஆகிய இரண்டும் சேர்ந்தே செயற்படுகின்றன. மரபணுவை நாம் மாற்ற இயலாது. கருவறையின் ஊட்டத்தை மாற்ற இயலும்.

5. புனே நகரை அடுத்த ஆறு சிற்றூர்கள்

நம் நாட்டில் இத்துறையில் பெரும்பணி ஆற்றியவர் புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் ஆவார். 1993 முதல் புனேக்கு அருகிலுள்ள ஆறு சிற்றூர்களில் கருவுற்ற தாய்மாரையும் அவர்களுடைய குழந்தைகளையும் அவர் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்தனர். அக்குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றம், மறைந்த கொழுப்பு! 2004இல் யாஜ்னிக்கும் ஆங்கில மருத்துவர் யூட்கினும் தம் உடல்களையே அளந்து வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3, கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த என் மகனுக்கு நோய் வந்ததன் பொருள் இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

அவ்வாய்வில் கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் பிறக்கும்போது பெரியனவாக இருந்தன. மேலும் தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. கருவுற்ற காலத்தில் பி12 குறைந்தும் போலிக் அமிலம் மிகுந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம், ஆறு வயதில் இன்சுலின் சரிவரச் செயற்படாமை மிகுதியாகக் காணப்பட்டது. இதைக் கேட்டுப் போலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடலாகாது. குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை ஆகியவற்றில் பிறவிக் குறை நேராமல் காப்பது அதுவே. அதனோடு பி12உம் நிறைவாக இருத்தல் வேண்டும் என்பதே பாடம்.

மும்பையின் சேரிப் பகுதிகளில் 2006 முதல் நடந்த ஆய்வு ஒன்றில், பெண்களுக்குக் கருவுறுவதற்கு முன்பிருந்தே கீரை, பழம், பால் கலந்த மரக்கறிச் சிற்றுண்டி நாள்தோறும் வழங்கப்பட்டது. மொத்தத்தில் பிறப்பு எடை சிறிதளவே மாறியது. ஆனால் கருவுற்ற காலத்து நீரிழிவு 100க்கு 12 பேர் என்பதிலிருந்து 7 பேராகக் குறைந்தது. மரக்கறி உணவினராகிய நமக்கு இது நம்பிக்கை ஊட்டும் செய்தியாகும்.

6. மிகுதியும் தீங்கே

குறைவு தீங்கு என்றதும், "வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்துச் சாப்பிடு" என்று ஊட்டுதல் முறையன்று. கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறத்தாழ 350 கலோரியே. தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை நச்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்கிறது; இன்சுலின் செல்வதில்லை. சிசுவின் கணையம் மிகுதியாக உழைத்து, சிசு கொழுக்கிறது.

இங்கிலாந்தில் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்ததும், மக்கள் உண்ட சர்க்கரை ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2024இல் வெளியான ஆய்வின்படி, கருவிலும் முதல் இரண்டாண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தோர்க்கு, பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடும் இரத்த அழுத்த நோய் வாய்ப்பு 20 விழுக்காடும் குறைந்திருந்தன.

சென்னை மருத்துவர் வி. சேஷய்யா அவர்கள் பல்லாண்டுகள் வலியுறுத்தியதன் பயனாக, கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்யும் முறை தமிழ்நாட்டில் 2007இல் நடைமுறைக்கு வந்தது. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைப் பருகி, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவம் தேவை. இச்சோதனையைத் தட்டிக் கழித்தல் கூடாது.

7. நம் இல்லங்களில் செய்யத்தக்கன

(அ) கருவுற்ற பின் தொடங்குவது காலந்தாழ்த்துவதாகும். பெண் பூப்பெய்திய நாள் முதலே அவளது உணவையும் இரத்தத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். மணத்துக்குப் பின் கருவுறுவதற்கு முன்னரே இரத்தம், சர்க்கரை, பி12 ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

(ஆ) முருங்கைக்கீரையில் இரும்பும் போலேட்டும் உண்டு, பி12 இல்லை. நம் உணவில் பி12 தருபவை பாலும் தயிருமே. ஒரு தேவைக்கு ஏறத்தாழ இரண்டரை மைக்ரோகிராம் என்றால், ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும். நெடுநேரம் காய்ச்சினால் அதிலும் ஒரு பகுதி குறையும். நீர்மோர் மட்டும் போதாது. பால் உண்ணாதவர்கள் மருத்துவர் அறிவுரைப்படி மாத்திரை கொள்ளுதல் இன்றியமையாதது.

(இ) பி12 மருந்து நுண்ணுயிர்களின் நொதித்தல் முறையில் செய்யப்படுகிறது, ஊனிலிருந்து எடுக்கப்படுவதன்று. ஆயினும் கேப்சூல் உறைகள் பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனவை. மருத்துவரிடம் கூறி மாத்திரையாகவோ ஊசியாகவோ பெறலாம்.

(ஈ) பயறு, பருப்பு, கேழ்வரகு, எள் ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்து, நெல்லிக்காய் அல்லது எலுமிச்சையோடு உண்டால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

(உ) இரவு உண்ணாமையைக் காப்போர், காலை உணவை முன்னதாகவும், கதிரவன் மறையுமுன் பருப்பும் தயிரும் கூடிய நிறைவான உணவையும் கொள்க. நீரிழிவுக்கு இன்சுலின் செலுத்திக்கொள்ளும் கர்ப்பிணிக்கு நீண்ட பட்டினி ஆபத்தானது. நம் வழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் கூறி, அவர் சொற்படி நடத்தல் வேண்டும்.

(ஊ) கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் உபவாசம் வேண்டா. பதினாறு பாவனைகளுள் 'சக்திக்கேற்ற தவம்' என்றே கூறப்பட்டுள்ளதை நாம் அறிவோம். நூல் ஓதுதல், மௌனம், தானம் ஆகியவை அக்காலத்துக்கு ஏற்ற நோன்புகள்.

(எ) மெலிந்து பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலே முதல் மருந்து. பின்னர் இனிப்பும் நெய்யும் ஊட்டி விரைந்து பருக்கச் செய்யாதீர்கள். தில்லியில் பிறந்தோரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவில், கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்குப் பின் எடை கூடிக்கொண்டே சென்றவர்களிடமே நீரிழிவு மிகுதியாக இருந்தது.

முடிவுரை

இவற்றையெல்லாம் படித்தபின், "அப்படியானால் குற்றம் என்னுடையதா?" என்ற கேள்வி என்னை வருத்தியது. ஒருநாள் மகனிடம் மனம் விட்டுக் கூறினேன். அவன் சற்று நேரம் பேசாமலிருந்து, "உங்களுக்கு யாரம்மா பால் கொடுத்தார்கள்?" என்றான். அக்கேள்வியில் எனக்கு விடை கிடைத்தது. தாயின் தட்டில் என்ன இருந்தது என்பதைத் தாய் மட்டும் முடிவு செய்வதில்லை. அடுக்களையில் யார் முதலில் உண்பது என்னும் வழக்கம் முடிவு செய்கிறது. ஆகவே இவ்வறிவு தாயைப் பழிப்பதற்கன்று, குடும்பத்தைத் திருத்துவதற்கே.

கருவில் அமைந்தது தலையெழுத்தும் அன்று. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் முந்தைய நிலையில் இருந்தோரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, உணவு ஒழுங்காலும் உடற்பயிற்சியாலும் நோய் வரும் வாய்ப்பு 28 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. என் மகன் இப்பொழுது நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறான். நோய் கட்டுக்குள் இருக்கிறது. அவன் மகள், என் பேத்தி, இப்பொழுது கருவுற்றிருக்கிறாள். எங்கள் வீட்டில் முதற்பந்தி அவளுக்கே. பால் குவளையை அவள் கையில் கொடுப்பது என் பொறுப்பு.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. பிறப்பு எடை இயல்பாக இருந்தால் கவலை வேண்டா எனலாமா? நெதர்லாந்துச் செய்தி கொண்டு விளக்குக.
2. மரபணுவின் எழுத்து மாறாமல் அதன் செயல் மாறுவது எவ்வாறு?
3. கீரையை மட்டும் மிகுதியாக உண்டு பாலைத் தவிர்க்கும் கர்ப்பிணிக்கு எச்சத்துக் குறையும்?
4. உங்கள் இல்லத்தில் கடைசியாக உண்பவர் யார்? அவர் தட்டில் இன்று என்ன இருந்தது?

நான்காம் வினாவுக்கு விடையை ஏட்டில் எழுத வேண்டா. இன்றிரவே அடுக்களைக்குச் சென்று பாருங்கள்.